எர்த் நானா

கேபிள் பெட்டியின் மேல் பூச்சாடி வைக்கக்கூடாது. பெட்டிக்கும் மூச்சு விட இடம் வேண்டும். அதன் முதுகில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் அதற்காகத்தான். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அந்தத் துளைகளை மூடிக்கொண்டு ஒரு பூப்போட்ட துணி கிடக்கும். துணிக்கு மேலே கண்ணாடிச் சாடி, சாடிக்குள் பிளாஸ்டிக் ரோசாப்பூ. பெட்டி சூடேறிப் படம் அசையாமல் நின்றதும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்த் துணியை எடுத்து, மடித்து, வீட்டுக்காரியின் கையில் கொடுத்துவிட்டு வருவேன். மறு கிழமை போனால் துணி அதே இடத்தில் இருக்கும், இந்த முறை அயன் பண்ணி.

என் பெயர் முத்தலிப், சேர். ஊர் மருதமுனை. வீடுகளுக்குக் கேபிள் பெட்டி பூட்டிக் கொடுப்பது என் தொழில். மௌத்தான ஜுனைட் என் சகலன். அதாவது என் மனைவி ஸுல்பிகாவின் தங்கை முஸ்பிறாவின் புருஷன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மாமனார் ஒரே வளவில் இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார். நாங்கள் இரண்டு மாப்பிள்ளைமாரும் உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறியவர்கள். நடுவில் வேலி கிடையாது. நோன்புப் பெருநாளன்று காலையில் ஜுனைட் தன் வீட்டில் டீவி பிளக்கைக் குத்தும்போது கரண்ட் அடித்து மௌத்தானார். அந்த வீட்டுக்கு ஆதியில் வயரிங் செய்த பாண்டிருப்புக் கோகுலனை நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் குற்றவாளி அல்ல. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். ஆனால் சொல்வது விளங்க வேண்டுமென்றால் நான் எப்படிப்பட்ட வேலைக்காரன் என்பது முதலில் விளங்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் ஒரு வீட்டுக்குப் பெட்டி பூட்டப் போனால் முதலில் பெட்டியைத் தொடமாட்டேன். சுவரைத்தான் பார்ப்பேன். பிளக்பேஸில் எர்த் வயர் வந்திருக்கிறதா, வயரைக் கதவிடுக்கில் நசித்திருக்கிறார்களா, பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். எர்த் இல்லாத வீட்டில் பூட்ட மாட்டேன் என்று திரும்பி வந்திருக்கிறேன். மாரி காலத்தில் இடி முழங்கினால் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் போன் எடுத்து, பெட்டியின் முதுகில் இருக்கும் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லுவேன். என் செலவில்தான். நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் "ஓம் ஓம், கழட்டிட்டம்" என்பார்கள். பின்னால் நாடகத்தில் யாரோ அழுவது எனக்குக் கேட்கும்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கேபிள் பெட்டிக்கு வரும் பிளக்குக்கு இரண்டு கால். நம் நாட்டுச் சுவரில் இருக்கும் பிளக்பேஸுக்கு மூன்று துளை. மேல் துளை எர்த்துக்கு உரியது. அதில் ஒரு கால் போனால்தான் கீழே இருக்கும் இரண்டு துளைகளும் வாய் திறக்கும். அதற்கு ஒரு அடப்டர் வாங்கிப் போட வேண்டும். எங்கள் ஆட்கள் போடமாட்டார்கள். மேல் துளைக்குள் ஈர்க்கையோ பேனை மூடியையோ விட்டுக் கிளப்பி, கீழே பிளக்கைக் குத்துவார்கள். ஊரில் இதைச் செய்யாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். வயரிங் ஒழுங்காக இருந்தால் மேல் துளையில் கரண்ட் இருக்காது, ஆகவே ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததால் பழக்கம் வளர்ந்துவிட்டது.

ஜுனைட் ஈர்க்கு தேடுகிற ஆள் அல்ல. அவருக்குக் கைத்தறிச் சாரி வியாபாரம். சாரி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற சின்ன இரும்புக் கத்தரி எந்த நேரமும் சட்டைப் பையில் இருக்கும். அதைத்தான் மேல் துளையில் விடுவார். நான் பார்க்காத நேரத்தில் செய்தாலும் பரவாயில்லை. என்னைக் கூப்பிட்டு வைத்துச் செய்வார்.

"எர்த் நானா, இஞ்ச பாருங்க. உட்டன், குத்தினன், டீவி வந்திட்டு. நான் மௌத்தாகல்ல."

அண்ணனை நாங்கள் நானா என்போம்; எர்த் நானா என்ற பெயரை எனக்கு வைத்தவர் அவர்தான். எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாதவன் இல்லை. அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. நானும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கள் வளவைத் தாண்டி, தேநீர்க் கடையைத் தாண்டி, பள்ளிவாசல் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்திலும் வந்துவிட்டது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழு எடுக்கப் போனால் சின்னப் பொடியன்கள், "தண்ணியில கரண்ட் இரிக்கா எண்டு பாத்துட்டு வாங்க நானா" என்பார்கள். என் சொந்தப் பெயரை மறந்துவிட்டு, கலியாண அழைப்பிதழிலேயே யாரோ அப்படி எழுதிக் கொண்டுவந்து தந்தார்கள்.

என் மகள் ஸம்றாவைப் பெண் பார்க்க நற்பிட்டிமுனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஜுனைட் எங்கள் பக்கத்து ஆளாக நடுவில் உட்கார்ந்திருந்தார். பலகாரத்தட்டு சுற்றி வந்த நேரம் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, ஒண்டு சொல்லுறன். இந்த ஊட்டுக்குள்ள செருப்போட வாங்க. இல்லாட்டி மாமா உங்களயும் எர்த் பண்ணிப் போடுவாரு."

சபை முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், அவருடைய வாப்பா சிரித்தார். கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது; அது என் மகளின் சிரிப்பு. எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தச் சம்பந்தம் நல்லபடியாகவே முடிந்தது. மருமகன் தங்கமானவர், அவர் என்னை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை, மறந்து போய் எப்போதாவது தவிர. ஆகவே அதை ஒரு காரணம் என்று எழுத வேண்டாம்.

இந்த வருஷம் நோன்புக்குத் தலைப்பிறை காண்பதற்குச் சற்று முன்பு ஜுனைட் என்னைக் கூப்பிட்டார். டீவி முன் கூடத்தில் இருந்தது. விருந்தாளிகள் வந்தால் பெண்களுக்குப் பார்க்க வசதியில்லை என்று முஸ்பிறா நச்சரித்திருக்கிறாள். பின் கூடத்துக்கு மாற்ற வேண்டும், அங்கே புதிதாக ஒரு பிளக்பேஸ் வைக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்டார்.

"சகலன், மழ பேஞ்சா இந்த ட்ரிப் சுவிட்ச் உழுந்து உழுந்து மனிசனக் கொல்லுது. நாடகத்தில நல்ல இடம் வரக்குள்ளதான் உழும். அத டிரெக்ட் பண்ணித் தாங்களன்."

ட்ரிப் சுவிட்ச் சும்மா விழுவதில்லை. வீட்டில் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்று அது சொல்கிறது. அந்த வீட்டில் கிணற்று மோட்டர் ஒழுகியது. மோட்டரைத் திருத்துங்கள் என்று நான் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்யாதபடி ஆக்குவதைத்தான் டிரெக்ட் பண்ணுவது என்பார்கள். கோகுலனிடம் கேட்டிருக்கிறார், அவன் மாட்டேன் என்று போய்விட்டான். இது கோகுலனுக்குச் சாட்சியாக எழுதப்பட வேண்டிய விஷயம். என்னிடமும் முன்பு பல தரம் கேட்டிருக்கிறார், நானும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அன்று சரி என்று சொன்னேன். ஜுனைட்டே ஆச்சரியப்பட்டு என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். ஒரு மனிதன் தன் வீட்டில் தனக்கு எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும்போது, அதைத் தடுப்பதற்கு நான் யார்? அவர் கேட்டதைக் கேட்டபடி செய்தேன். ட்ரிப் சுவிட்ச்சை டிரெக்ட் பண்ணினேன். டீவியைப் பின் கூடத்துக்குக் கொண்டுபோனேன். கேபிளை மடியாமல் சுவரோடு கிளிப் அடித்துக் கொண்டுபோனேன். பெட்டிக்கு ஒரு தட்டு வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டேன். புதிய பிளக்பேஸைச் சுவரில் மட்டம் பார்த்துப் பூட்டினேன். அவர் கேட்காத ஒரு சின்ன வேலையும் அந்தப் பிளக்பேஸுக்குள் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நோன்பு பிறந்தால் எங்கள் இரண்டு வீட்டிலும் டீவி பார்ப்பதில்லை. பெண்கள் அதில் கண்டிப்பு. பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். பெருநாள் தொழுகை முடிந்து வந்து வீட்டு ஆம்பிளைதான் திரும்பப் பூட்டுவார். அந்த வீட்டில் அது ஒரு சடங்கு மாதிரி. ஜுனைட் புதுச் சாரமும் புதுச் சட்டையுமாக வந்து, பிளக்கைக் குத்தி, பெருநாள் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுத்தான் பலகாரத்தில் கை வைப்பார். ஆகவே நான் வேலையை முடித்ததும் பெட்டியை நானே சுற்றி அலுமாரியில் ஏற்றினேன். புதிய பிளக்பேஸின் வாயைச் சிவப்பு டேப்பால் ஒட்டினேன். முஸ்பிறாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"தங்கச்சி, இதில நீங்க கை வைக்க வேணாம். புள்ளயளயும் கிட்டப் போக உடாதீங்க. பெருநாளைக்கு ஜுனைட் பூட்டட்டும்."

"ஏன் மச்சான், பிழையா?"

"பிழையில்ல. புது வேல. கவனமா இரிக்கிறது நல்லம்."

அந்த நோன்பு முழுவதும் நான் இரண்டு நாளைக்கு ஒரு தரம் போய் அந்த டேப் ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்த்தேன். மற்றவர்களின் பாதுகாப்பு என் பொறுப்பு. இரவில் தறாவீஹ் தொழுகையில் ஜுனைட்டும் நானும் பக்கத்தில் பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நின்றோம். ஸுல்பிகா கஞ்சி காய்ச்சினால் ஒரு கோப்பை அந்த வீட்டுக்குப் போகும். முஸ்பிறா சமோசா பொரித்தால் இங்கே வரும். நான் ஒரு நோன்பும் விடவில்லை. மனம் அமைதியாக இருந்தது. நல்ல நோன்பு என்றுதான் சொல்லுவேன்.

கடைசி நோன்பன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜுனைட் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சாரம். நம் ஊர்த் தறியில் நெய்தது, கரும்பச்சைக் கட்டம். எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். வழக்கமாக வாசலிலேயே பகிடியும் சிரிப்பும் தொடங்கிவிடும் அவருக்கு. அன்று நேரே வந்து கதிரையில் உட்கார்ந்து, சாரத்தை என் மடியில் வைத்தார்.

"சகலன், நாளைக்குப் பெருநாள். நான் வாய்க்கு வந்தபடி கதைக்கிற ஆள். உங்கட மனசு நொந்திருந்தா மாப் தாங்க. இனி நான் அந்தப் பேரச் சொல்லமாட்டன், அல்லாவுக்காக."

அவர் மனதாரத்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்து, "நான் அப்பவே மன்னிச்சிட்டன்" என்றேன். அதுவும் மனதாரத்தான். இதை நீங்கள் நம்ப வேண்டும். மன்னிப்பில் நான் எதையும் பாக்கி வைக்கவில்லை.

அவர் போனதும் நான் ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வளவைக் கடந்து அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அந்தச் சின்ன வேலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளக்பேஸின் மேல் துளைக்கு எது வரக்கூடாதோ அதைத்தான் நான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். எர்த் இருக்க வேண்டிய இடத்தில் கரண்ட். அடப்டர் போடுகிற மனிதனின் விரல் அந்தத் துளைக்குக் கிட்டவே போகாது. ஈர்க்கு விட்டாலும் அநேகமாகத் தப்பிவிடலாம். இரும்புக் கத்தரி விடுகிறவனுக்குத்தான் அது. அதைத் திரும்பச் சரிப்படுத்த, தொழுகைக்குப் பாய் விரிக்கிற நேரம் போதும். சரிப்படுத்தத்தான் போனேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

முன் கூடத்தில் ஜுனைட்டின் சின்ன மகள் கமீலா கையில் மருதோன்றி வைத்துக்கொண்டு விரல்களை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உம்மா, எர்த் பெரியவாப்பா வந்திரிக்காரு."

முஸ்பிறா குசினிக்குள்ளிருந்து அவளை அதட்டினாள். பிள்ளைக்குத் தான் என்ன பிழை சொன்னோம் என்று விளங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக் கையில் இருந்த மருதோன்றிப் பூவைக் காட்டினாள். நல்ல வடிவாக இருந்தது, அப்படியே சொன்னேன். ஜுனைட் அந்தப் பெயரை நிறுத்துவார், சொன்னால் செய்கிற ஆள். ஆனால் அவர் நிறுத்தினால் ஊர் நிறுத்துமா? இந்தப் பிள்ளை வளர்ந்து, அதன் பிள்ளைகளுக்கும் சொல்லும். நான் மௌத்தானால் கபுறைக் காட்டி, இது எர்த் நானாவின் கபுறு என்பார்கள். அந்த ஸ்குரூடிரைவரை வெளியில் எடுக்காமலே வீட்டுக்கு வந்து நோன்பு திறந்தேன். அன்று ஸுல்பிகாவின் கஞ்சியில் உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது.

பெருநாள் தொழுகை கடற்கரைத் திடலில். தொழுதுவிட்டு ஆம்பிளைகள் அலையில் கால் நனைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள். ஜுனைட்டும் அப்படித்தான் வந்தார். கேற்றடியில் பைப்பைத் திறந்து கால் மண்ணைக் கழுவினார். ஈரக் காலோடு பிளக்பேஸைத் தொடக்கூடாது என்று நான் அந்த வீட்டில் சொல்லாத நாள் இல்லை. அன்று மட்டும் சொல்லவில்லை; நல்ல நாளில் போதனை எதற்கு? பிள்ளைகளை வட்டிலப்பம் சாப்பிட எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். முஸ்பிறாவையும் ஸுல்பிகாவுக்கு ஒத்தாசைக்கு வரச் சொன்னேன். எல்லாரும் என் கண் முன்னால் இருக்கிறார்களா என்று சரி பார்த்துக்கொண்டேன்.

ஜுனைட் தன் வீட்டு யன்னலால் எட்டிக் கேட்டார்:

"சகலன், ரிமோட்டுக்குப் பற்றரி இரிக்கா?"

"ஓம், புதுசு போட்டுத்தான் வெச்சிரிக்கன்" என்றேன்.

டீவிச் சத்தம் வரவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு முடியும் வரை இருந்துவிட்டு நான்தான் முதலில் போனேன். கரண்ட் பிடித்தவரை வெறுங்கையால் தொடக்கூடாது. முதலில் மெயின் சுவிட்ச்சை நிறுத்த வேண்டும், பிறகுதான் கிட்டப் போக வேண்டும். பதற்றத்தில் எல்லாரும் மறந்துவிடுகிற விஷயம் இது. நான் மறக்கவில்லை. முஸ்பிறா ஓடி வந்தபோது அவளைத் தள்ளிப் பிடித்து நிறுத்தியதும் நான்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. மௌத்து அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, சேர். அவன் நாடியிருந்தால் ஜுனைட் ஒரு உதறலோடு பிழைத்திருப்பார். அதில் நான் தலையிடவில்லை. நான் வயரை மட்டும்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஊர் திருந்திவிட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், பிளக்பேஸ் துளையில் எதையும் விடவேண்டாம் என்று. கடைகளில் அடப்டர் முடிந்துபோய்க் கல்முனைக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தார்கள். என்னை வீட்டுக்கு வீடு கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்கிறார்கள். பெயர் அதே பெயர்தான், ஆனால் இப்போது அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. எத்தனை உயிர் இதனால் தப்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முஸ்பிறா இத்தாவில் இருக்கிறாள், துக்கத் தவணை முடியும் வரை வெளி ஆம்பிளைகளோடு கதைக்கமாட்டாள்; அந்தப் பிளக்பேஸைப் பூட்டியது யார் என்று நீங்களும் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டிய சாமான் சட்டையை நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். ஜுனைட்டின் கபுறில் நானும் மண் போட்டேன்.

நேற்றுப் பின்னேரம் கோகுலனின் மனைவி யதுசா கைப்பிள்ளையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். ஸுல்பிகா உள்ளே வந்து இருக்கச் சொன்னாள், அவள் இருக்கவில்லை.

"நானா, அவர் அப்பிடி வேல செய்யிற ஆள் இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நீங்க ஒரு சொல்லுச் சொன்னா பொலிசில கேப்பாங்க."

"என்னத்த எழுதியிரிக்காங்க தங்கச்சி?"

"பிளக்பேஸ அவங்க கழட்டிப் பாத்தவங்களாம். வேல தெரியாத ஒருத்தன் கவனயீனமா வயர மாத்திக் குடுத்திரிக்கான் எண்டு எழுதியிரிக்காங்க நானா. இவரும் உள்ளுக்க இருந்து அதத்தான் சொல்லுறார், ஆரோ வேல தெரியாதவன் செஞ்சது எண்டு."

பிள்ளை அழுதது, ஸுல்பிகா பால் ஆற்றிக் கொடுத்தாள். மஃரிபுக்குப் போனேன், தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஜுனைட் மௌத்தான நாளிலும் வராத கலக்கம் அது. ஒரு பாவமும் அறியாத கோகுலன் உள்ளே கிடக்கிறானே என்ற கவலைதான். வேறு என்ன இருக்க முடியும்? காலையில் குளித்து, ஜுனைட் தந்த சாரத்தை உடுத்திக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

இப்போது நீங்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஜுனைட்டைக் கொன்றது நான். அந்த இடம் சரி. கோகுலனுக்குச் சம்பந்தமில்லை என்ற இடமும் சரி, அவனை இன்றைக்கே விட்டால் நல்லது, அவன் மனைவி கைப்பிள்ளைக்காரி. ஆனால் பிளக்பேஸைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பழைய அறிக்கையைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறீர்கள், "கவனயீனத்தால் வயர் மாறியுள்ளது" என்று. அந்த ஒரு வரியை வெட்டித் தாருங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு வயர்கூடத் தவறி மாறியதில்லை, சேர்.